மாடிக்குத் தெரியாமல் போன சுவர்

கொல்கத்தாவின் ஜாதவ்பூரில் கோவிந்தராஜன் தம் வீட்டுக் கூடத்தின் நடுச்சுவரை இடித்து முடித்த பிறகும், அதில் மாட்டியிருந்த கடிகாரம் அதே இடத்தில், அந்தரத்தில், வழக்கம்போல் பத்து நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. வங்கியில் வீட்டுக்கடன் கேட்டவர்களிடமெல்லாம் பொறியாளர் சான்று கேட்டே ஓய்வுபெற்ற மனிதர், கொலுப்படிகளை அகலமாகக் கட்ட இடம் வேண்டுமென்று, யாரையும் கேட்காமல், வாடகைச் சுத்தியலால் தாமே இடித்தார். அது பாரம் தாங்கும் சுவர் என்பது கடைசிச் செங்கல் விழுந்த பிறகுதான் உறைத்தது. மேல்தளம் அசையவில்லை. அதற்கு இன்னும் செய்தி எட்டவில்லை என்பதை முதலில் புரிந்துகொண்டவள் அவர் மனைவி சகுந்தலா.

"மெதுவா பேசுங்கோன்னா. மாடிக்குத் தெரிஞ்சா இறங்கிடும்."

அன்றிலிருந்து சுவர் இருப்பதாகவே நடந்துகொண்டார்கள். சமையலறைக்கு வராந்தா வழியாகச் சுற்றிப் போனார்கள். எதிர்வீட்டுக்காரனான நானும் ஒருநாள் அந்த இல்லாத சுவரில் சாய்ந்து காபி குடித்தேன்; என் கனத்தையும் தாங்கியது. சிக்கல் மாடியில் குடியிருந்த வங்காளி மூதாட்டி மித்ரா மாஷிமாதான். காது மந்தம். கிசுகிசுத்தால் அவருக்குக் கேட்காது. உரக்கச் சொன்னால் தளத்துக்குக் கேட்கும். கோவிந்தராஜன் நாள் கடத்தினார்.

"வீடு நம்மளது, சரி. மாடில இருக்கற தலை நம்மளதா?" என்றாள் சகுந்தலா.

மறுநாளே அவர் ஜாடை காட்டி மாஷிமாவைத் தெருமுனைக்குப் புச்கா என்னும் பானிபூரி தின்ன அழைத்துப்போய் விஷயத்தைச் சொன்னார். "ஓ பாபா! இத்தனை நாளும் நான் மேலே ஹார்மோனியம் வாசிச்சேனே!" என்று மாஷிமா வங்காளத்தில் அலறினார். நல்லவேளை, அது தெருமுனை. அன்றே மூவரும் ஹார்மோனியத்தோடு எங்கள் வீட்டுக்குக் குடிவந்தார்கள். எங்களுக்குச் சுவர்கள் இருந்தும் தூக்கம் போயிற்று.

பொறியாளர் விஜயலக்ஷ்மி ஹெல்மெட்டோடு வந்து, அண்ணாந்து பார்த்து, குரலைத் தாழ்த்தினார். "முட்டுக் குடுத்து, ஆளை வெளியேத்திட்டு, அப்புறம்தான் சார் சுவர்ல கை வைக்கணும். வீட்டுக்காரர் நீங்க, பொறுப்பும் உங்களுதுதான்."

"லோன் கேட்டவாகிட்ட நானும் இதையேதான் சொல்லுவேன்" என்று கிசுகிசுத்தார் கோவிந்தராஜன்.

இரும்பு முட்டுகள் வந்தன, உத்திரம் ஏறியது. அதன் பிறகே கோவிந்தராஜன் தளத்தைப் பார்த்து, "சுவர் இல்லை. நான்தான் இடிச்சேன்" என்று வாய்விட்டுச் சொன்னார். தளம் ஒரு பெருமூச்சு விட்டு, நூலளவு இறங்கி, உத்திரத்தில் அமர்ந்தது.

கடிகாரம் மட்டும் இறங்கவில்லை. கொலுப்படிகளும் சுவர் இருந்த இடத்தோடு பழையபடி குறுகலாகவே நிற்கின்றன. மழைக்காலத்தில் இல்லாத சுவரில் ஓதம் ஏறுகிறது. துர்கா பூஜைக்கு முன்னால் கோவிந்தராஜன் ஹெல்மெட் போட்டுக்கொண்டு அதற்கு வெள்ளையடிக்கிறார். சகுந்தலா ஏணியைப் பிடித்துக்கொள்கிறாள்.