கதவு திறக்கும் பக்கம்

"இன்னா தம்பி, தொறக்குமா தொறக்காதா? இங்கயே நின்னுகினு சாப்ட்டுடவா?"

பூட்டிய கதவுக்கு வெளியே ஹாஜா மொய்தீன் சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தார். உள்ளே கட்டிலில் கிடந்த நிர்மல் போனைத் தட்டிக்கொண்டிருந்தான். சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி, கடைசியில் 'பக்கம் கிடைக்கவில்லை' என்று திரையில் வந்தது.

"ஒரு நிமிஷம் பாய். காலைல கரண்ட் போச்சுல்ல, நம்பர் மாறியிருக்கும்."

அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து திரும்பும்போது லாரி இடித்ததில் நிர்மலுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. யாராவது தூக்கி உட்கார வைக்காமல் கட்டிலை விட்டு நகர முடியாது. ஆரம்பத்தில் மனைவி நிஷா வேலைக்குப் போகும்போது கதவை வெறுமனே சாத்திவிட்டுத்தான் போவாள். ஒருநாள் முன்பின் தெரியாத ஒருவன் உள்ளே வந்தான். நிர்மலை ஏற இறங்கப் பார்த்தான். மேஜையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனை எடுத்துக்கொண்டு நிதானமாக நடந்து போனான். நிர்மல் கத்தியது யார் காதிலும் விழவில்லை. அதன்பிறகு வெளியே பூட்டிவிட்டுப் போகச் சொன்னது நிர்மல்தான். ஆனாலும் தினமும் சாவி திரும்பும் சத்தம் கேட்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வான். நிஷாவுக்கு அதைவிட மோசம். உள்ளே ஏதாவது பற்றிக்கொண்டால், மூச்சு முட்டினால் என்று பாதி உயிரோடுதான் ஆபீசில் உட்கார்ந்திருப்பாள்.

தீப்பெட்டி அளவு இருக்கும் ஒரு சர்க்யூட் போர்டே குட்டி சர்வராக வேலை செய்யும் என்று படித்த நாளிலிருந்து நிர்மலுக்கு அதே நினைப்பு. வீட்டு வைஃபையில் அதை இணைத்துவிட்டு, போன் பிரவுசரில் அதன் எண்ணை அடித்தால் ஒரு பக்கம் அனுப்பும். அதில் ஒரே ஒரு பொத்தான். தொட்டால் பூட்டு விலகும். லேப்டாப்பை மார்மேல் வைத்துக்கொண்டு அவன் நிரல் எழுதினான். பூந்தமல்லியில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கும் ஹாஜா, பழைய சாவியும் வேலை செய்கிற மாதிரி ஒரு மின்பூட்டைப் பொருத்தி, போர்டுக்கு ஒயர் இழுத்துப் பற்றவைத்தார். நேற்று ராத்திரிதான் வேலை முடிந்தது; நிஷா டார்ச் பிடித்தாள்.

நிர்மல் ரவுட்டரின் பட்டியலில் தேடினான். நினைத்தது சரிதான், கரண்ட் போய் வந்ததில் ரவுட்டர் போர்டுக்குப் புது எண் கொடுத்திருந்தது. அதை அடித்ததும் வெள்ளைப் பக்கம் வந்தது. நடுவில் 'திற'.

தொட்டான். டக்.

"ஏய், தொறந்துகிச்சுப்பா!" ஹாஜா சிரித்தபடி நுழைந்தார்.

"வாங்க பாய்."

அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று! இத்தனை நாளும் வருகிறவர்களை யாரோ அழைத்து வந்தார்கள்; அவன் பார்க்கப்பட்டான், அவ்வளவுதான். இன்று தன் வீட்டுக்கு ஒருவரை அவனே வரவேற்றிருக்கிறான்.

"பாய், உங்களுக்கு நான் எப்படி..."

"த, சும்மா கெட. ஊறுகா கீதா ஊட்ல?" ஹாஜா நாற்காலியை இழுத்துப் போட்டு டப்பாவைத் திறந்தார். "இனிமே இந்தப் பக்கம் வந்தா சோறு இங்கதான். சொல்லிட்டேன்."

அவர் சாப்பிட்டு முடிப்பதற்குள், இனி எண் மாறாதபடி ரவுட்டரில் கட்டிப்போட்டான் நிர்மல். சிரித்துக்கொண்டே செய்ததில் இரண்டு முறை தப்பாக அடித்தான்.

சாயங்காலம் படியில் நிஷாவின் காலடி கேட்டது. பைக்குள் சாவியைத் துழாவும் சத்தம்.

"நிஷா, சாவி போடாத."

டக். கதவு விலகியது. செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் வாசலிலேயே நின்றாள்.

"நீயா?"

"நான்தான். உள்ள வா."

வந்தாள். பையைக் கீழே போட்டுவிட்டு, கட்டில் ஓரம் உட்கார்ந்து அவன் நெற்றியில் கைவைத்தாள். வெயிலில் வந்த கை, சுட்டது. அவன் அதைப் பிடித்துக்கொண்டான்.

"நீ டார்ச் பிடிக்கலன்னா..."

"போதும் போதும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சட்டென்று எழுந்தாள். "இன்னொரு வாட்டி."

வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தினாள். காலிங் பெல் அடித்தது. மேல்வீட்டு ஞானம்மாள் இறங்கி வரும் சத்தமும் கேட்டது.

"இன்னாம்மா வெளிய நிக்குற? சாவி தொலஞ்சிட்ச்சா?"

"இல்லக்கா. உள்ள எங்க வீட்டுக்காரர் இருக்காரு. தொறப்பாரு."

திரையில் 'திற' கலங்கித் தெரிந்தது. நிர்மல் உடனே தொடவில்லை. கதவின் அடியில் மாலை வெளிச்சம் கோடாக விழுந்திருந்தது. அதில் இரண்டு பெண்களின் கால் நிழல்கள், அவன் திறப்பதற்காக நகராமல் காத்திருந்தன.