மூன்று அறை மட்டும் நிரப்பிய ரிவால்வர்

1981 அக்டோபர் முதல், வயோமிங்கில் எங்கள் கார்வெல் ஊர்ப் பட்டறையின் வேட்டை ரிவால்வர்கள் சுட்டவர் கையை உதைக்கவில்லை. எந்தக் காட்டில் யார் சுட்டாலும் உதை வந்து விழுந்தது டெல்வின் ஹோகன்சனின் வலது மணிக்கட்டில். அந்த ஆண்டு பனி சீக்கிரம் வந்தது. உருளைக்கிழங்கு விளைச்சல் சுமார்.

டெல்வின் பட்டறையில் ரிவால்வரின் சுழலும் சிலிண்டரில் தோட்டா போடுகிற அறைகளைக் கடைகிறவர். ஆறு அறை வைத்தால் இடைச்சுவர் மெலிந்து, அத்தனை பெரிய தோட்டாவின் வேகத்தைத் தாங்காது. அதனால் ஐந்தே அறை. ஒவ்வொரு சிலிண்டரையும் அதற்கான துப்பாக்கிச் சட்டத்திலேயே பூட்டி, குழலுக்கு நேராக ஒவ்வோர் அறையாகக் கடைவார். பெரிய ஆலையில் ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை இவருக்கு ஒரு பகல். நடுவில் விட்டுவிட்டுப் போகவும் முடியாது. எங்கள் குளிரில் எஃகு ஆறிச் சுருங்கினால் மீதி அறைகள் மயிரிழை விலகிவிடும், அத்தனையும் குப்பைதான்.

மூன்றேகால் பவுண்டு ரிவால்வரை இடுப்பில் கட்டி மலை ஏறினால் இடுப்பு போகிறது என்று வேட்டைக்காரர்கள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். முதலாளி மெரில் டூலர் குழலைக் குறுக்கி, சட்டத்தை இழைத்து, இரண்டரைக்குக் கொண்டுவரச் சொன்னார்.

“எடையக் குறைச்சா உதை கூடும், மெரில். அது எங்கயாவது போய்த்தானே ஆகணும்?” என்றார் டெல்வின்.

“என் வாடிக்கைக்காரன் கைக்குப் போகாம இருந்தாச் சரிய்யா. வேணும்னா உன் கைக்கு வரட்டும்.”

அப்படியே வந்தது. முதல் உதை வந்தபோது டெல்வின் இரவுச் சாப்பாட்டில் இருந்தார். குழம்புக் கிண்ணம் சுவரில் போய் மோதியது. அவர் மனைவி லவோன் துணியால் துடைத்துக்கொண்டே, “இனிமே வேட்டைக் காலம் முடியறவரைக்கும் உங்களுக்கு இடது கைப்பக்கந்தான் பரிமாறணும் போல” என்றாள். ஊரும் பழகிக்கொண்டது. இலையுதிர் காலத்தில் மாதாகோயிலில் அவருக்கு வலப்பக்கம் யாரும் உட்காருவதில்லை. தன் கையால் கடைந்தவை என்பதால் எந்த எண் ரிவால்வர், எத்தனையாவது அறை என்பதுகூட அவருக்குத் தெரியும். “இருபத்திரண்டு. ரெண்டாவது அறை. இடாஹோ பல் டாக்டர்” என்பார், மணிக்கட்டைத் தேய்த்தபடி.

1983 பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர் அறுபத்தோராம் எண்ணைக் கடைந்துகொண்டிருந்தார். மூன்று அறை முடிந்திருந்தது. லவோன் நோயாய்ப் படுத்திருந்த ஆஸ்பத்திரியிலிருந்து மகள் ஆர்டித்தின் தொலைபேசி வந்தது.

“அப்பா, அம்மா உங்களைக் கேக்கறாங்க. உடனே வாங்க.”

“ரெண்டு அறைதான்மா பாக்கி. போட்டுட்டு ஓடி வந்துடறேன்.”

போட்டுவிட்டு ஓடித்தான் வந்தார். லவோன் உயிர் போய்ப் பதினொரு நிமிடம் ஆகியிருந்தது. அவரைத் திட்டாதீர்கள், கண்ணுகளா. இருபது வருஷம் அந்தக் கை அப்படித்தான் பழகியிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் ஆர்டித் பட்டறைக்கு வந்து அறுபத்தொன்றை எடுத்தாள். அவளுக்கு அலாஸ்காவில் ஆற்றோரக் கூடாரத்தில் தங்கி சால்மன் மீன் எண்ணுகிற வேலை; கரடி வருகிற இடம், இரண்டு கையும் வேலையில் இருக்கும், துப்பாக்கி இடுப்பில்தான் இருக்கவேண்டும்.

“அஞ்சையும் நிரப்பிக்கோ” என்றார் டெல்வின்.

“அம்மாவை விட ஒசந்த அந்த ரெண்டு அறை எனக்கு வேணாம்ப்பா. மூணு போதும்.”

அதற்குப்பின் ஒரு கடிதம் இல்லை. ஆனால் ஒவ்வொரு பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலையிலும் அவர் கையில் மூன்று உதை விழும்: ஒன்று, இரண்டு, மூன்று. மகள் உயிரோடு இருக்கிறாள், இன்னும் மன்னிக்கவில்லை. இரண்டு செய்தியும் அதிலேயே வந்துவிடும். டெல்வினின் மணிக்கட்டு எலும்பு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொல்ல, மெரில் மனம் கேளாமல் மொத்தமாகக் கடைகிற இயந்திரம் வாங்கினார். அதில் செய்தவை சுட்டவரையே உதைத்தன. பழையவற்றையும் திருப்பி வாங்கிக் கனமான குழல் போட்டார்கள். ஒவ்வொன்றாக டெல்வினின் கை ஓய்ந்தது. “ஆர்டித்துக்கு மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதாதே, மெரில்” என்றார். “எனக்கு வர்றது அது ஒண்ணுதான்.”

1992 ஜூலையில் ஒரு பகல், பட்டறையில் ரொட்டி தின்றுகொண்டிருந்தபோது கை துள்ளியது. உடனே இன்னொன்று. இன்னொன்று. பிப்ரவரி அல்ல, இப்படி அடுத்தடுத்து வந்ததும் இல்லை.

“யோவ், என்னய்யா ஆச்சு?” என்றார் மெரில்.

டெல்வின் எழுந்து கையை முன்னால் நீட்டிக்கொண்டு நின்றார். “நாலாவது இருக்குடி. சுடு, கண்ணு. நாலாவதையும் சுடு.” இயந்திரங்களை நிறுத்திவிட்டு எல்லாரும் அந்தக் கையையே பார்த்தார்கள். சாயங்காலம்வரை நீட்டியபடி நின்றார். கை அசையவில்லை.

மூன்று வாரம் கழித்து, ஆர்டித் இருந்த ஆற்றோர ஊரிலிருந்து அனிசியா என்ற பெண் ரிவால்வரை அனுப்பிவைத்தாள். மூன்று அறையில் சுட்டு முடிந்த தோட்டாக் கூடுகள். மற்ற இரண்டிலும் பட்டறையில் தடவிய எண்ணெய், ஒன்பது வருஷத்தில் இறுகிப் பழுப்பாகி இருந்தது. கரடி தாக்கி இறந்த ஆர்டித்தை ஆற்றங்கரை மேட்டில் அடக்கம் செய்து, பெயர் எழுதிய பலகை நட்டிருப்பதாக எழுதியிருந்தாள்.

அடுத்த பிப்ரவரி ஒன்பது, டெல்வின் அந்த எண்ணெயைத் துடைத்தார். நான்காவது அறையிலும் ஐந்தாவது அறையிலும் தோட்டா போட்டு, ஊருக்கு வெளியே பனிமேட்டைப் பார்த்துச் சுட்டார். கூட நின்ற மெரில் இரண்டு வெடியையும் கேட்டார். டெல்வினின் கை கொஞ்சமும் அசையவில்லை. “உதை எங்கய்யா போச்சு?” என்றார் மெரில். இருவரும் வண்டியில் ஏறி வீடு வந்தார்கள்.

மார்ச்சில் அனிசியாவின் கடிதம் வந்தது. நிலம் கல்லாக உறைந்திருந்த பிப்ரவரி ஒன்பதாம் தேதி காலை, உங்கள் மகளின் பலகை இரண்டு தடவை பின்னால் சாய்ந்தது, நிமிர்த்தி வைத்தோம், கவலை வேண்டாம் என்று எழுதியிருந்தாள். டெல்வின் சுட்ட மறு ஆண்டும் இரண்டு. அதற்கு மறு ஆண்டும் இரண்டு. இப்போது அங்கே, நிலம் உறையும் முன்பே பலகையின் அடியில் மண்ணை எடுத்துவிட்டுக் காய்ந்த பாசியை அடைத்து வைக்கிறார்கள், அசையும்போது உடையாமல் இருக்கட்டும் என்று.