ஆரஞ்சுக் கோட்டு

வாளியில் ஊறிக் கிடந்த ஆரஞ்சுக் கோட்டை எடுத்துக் கல்லில் போட்டு கிருபா தேய்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் டெனிஸ் படுத்திருந்தார். வாசலில் பந்தல் போட்டு, நாற்காலிகளும் வந்து இறங்கிவிட்டன. மூன்று மணிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அப்போது மணி பதினொன்று.

"அண்ணி, என்ன பண்றீங்க?" டெனிஸின் தங்கை ஷீலா பின்கட்டுக்கே வந்துவிட்டாள். "பாஸ்டரம்மா வந்து உக்காந்திருக்காங்க. துணி துவைக்கிற நாளா இது?"

"நேத்துக் காலைல ஊறவெக்கச் சொன்னாரு. இன்னும் விட்டா நாறிடும்."

ஷீலா உள்ளே போனாள்.

நேற்றுச் சாயந்திரம் கிருபா டீயை ஆற்றிக் கொண்டுவந்து வைப்பதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. நாற்காலியில் சாய்ந்தவர் சாய்ந்தபடியே இருந்தார். எங்கே போனாலும் கடைசி ஆளாக வருகிற மனிதர், இதில் மட்டும் ஒரு வார்த்தை சொல்லாமல் முந்திக்கொண்டார்.

கடைசி ஆள் என்றது சும்மா இல்லை. அதுதான் அவருடைய வேலை. ரயில்வேயில் ஓய்வு பெற்றபின் இரும்புலியூரில் வண்டி மெக்கானிக் கடை வைத்திருக்கும் தயாளனோடு சேர்ந்துகொண்டு, வருஷத்துக்கு இரண்டு முறை பத்துப் பதினைந்து பேரை இலங்கைக்கு அழைத்துப் போவார். அங்கே பைக்குகளை வாடகைக்கு எடுத்து, ஒன்பது நாள் தீவைச் சுற்றி வருவார்கள். ஒரு நாள் கடலோரமாகப் போவார்கள், மறுநாள் தேயிலை மலையில் மேகத்துக்குள் புகுந்து வெளியே வருவார்கள். முன்னால் தயாளன். எல்லோருக்கும் கடைசியில், தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரிகிற இந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு டெனிஸ்.

யாரும் வழி தவறாமல் இருக்க அவர்களுக்கு ஒரு முறை உண்டு. சாப்பாட்டு மேஜையில் கரண்டிகளை வரிசையாக அடுக்கி டெனிஸ் அதைக் கிருபாவுக்கு விளக்கியிருக்கிறார். ஒவ்வொரு திருப்பத்திலும் தயாளன் தனக்குப் பின்னால் வருகிற வண்டியைக் கை காட்டி நிறுத்திவிட்டுப் போவான். நின்றவர் வழியைக் காட்டிக்கொண்டு அங்கேயே நிற்க வேண்டும். எல்லா வண்டியும் கடந்த பிறகு ஆரஞ்சுக் கோட்டு வரும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவர் கிளம்பலாம், அதுவும் அந்தக் கோட்டுக்கு முன்னால் போய்விட வேண்டும்.

"அப்ப நானும் வரேன், உங்க பின்சீட்டுல," என்று கிருபா முதல் வருஷமே கேட்டாள்.

"கடைசி வண்டியில பின்சீட்டு காலியா இருக்கணும் கிருபா. நடுவுல எவன் வண்டியாவது படுத்துக்கும், அவனை ஏத்திக்கணும்ல?"

ஏழு வருஷமாக அதே பதில்தான். பிள்ளைகள் இல்லாத வீட்டில் அந்த ஒன்பது நாளும் அவள் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போய்விட்டு வந்து, ஒற்றைத் தட்டைக் கழுவி வைப்பாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நின்று காத்திருக்கிற மனிதர் தன்னை மட்டும் விட்டுவிட்டுப் போகிறாரே என்ற குறை, சொல்லாமலே அவளுக்குள் கிடந்தது.

கோட்டைக் கொடியில் போட்டுவிட்டு வந்தபோது தயாளன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான்.

"அக்கா, பசங்க ஒண்ணு கேக்கறாங்க. அண்ணனோட கோட்டை அவர்கூடவே பொட்டில வெச்சிடலாமா?"

"காயலை தயாளா."

"ஈரமா கீதுன்னா இன்னாக்கா? அவரு கோட்டு அது."

"வேணாம். அங்கயும் போய்க் கடைசியில நிக்கணுமா அந்த மனுஷன்?"

குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கூடத்தில் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். தயாளன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

"நிக்கமாட்டாருக்கா. அடுத்த மாசம் ட்ரிப்புக்கே, கடைசி வண்டிக்கு வேற ஆளைப் பாருடான்னாரு. கோட்டைத் தோச்சு உன்கிட்ட குடுத்துடறேன்னாரு. என் வண்டில பின்சீட்டு எனக்கு வேணும்னாரு."

கிருபா கொடியில் இருந்த கோட்டைப் பார்த்தாள்.

"எதுக்குன்னு சொன்னாரா?"

"சிரிச்சாருக்கா. அவ்ளோதான்."

அவள் திரும்பவும் கொடியண்டை போனாள். கோட்டின் நுனியில் சொட்டிக்கொண்டிருந்த தண்ணீரைப் பிழிந்தாள். பிழிந்த இடத்தையே இன்னொரு தடவை பிழிந்தாள்.

மதியத்துக்கு மேல் பைக்குக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து பெட்டியருகில் நின்றுவிட்டுப் போனார்கள். மிருதுளா என்ற பெண் மட்டும் நகரவில்லை. கோவிலம்பாக்கத்துக்காரி, வயது இருபத்தாறு இருக்கலாம். அவள் கிருபாவின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"போன வருஷம் மலைல ஒரே பனி ஆன்ட்டி. என்னைத் திருப்பத்துல நிறுத்தினாங்க. எல்லாரும் போயிட்டாங்கன்னு நெனச்சு நான் கிளம்பிட்டேன். பின்னால வந்த ரெண்டு பேர் எஸ்டேட்டுக்குள்ள போய் மாட்டிக்கிட்டாங்க. மூணு மணி நேரம் தேடி அங்கிள்தான் கூட்டிட்டு வந்தாரு."

"திட்டினாரா?"

"இல்ல. 'எவ்ளோ நேரமானாலும் நான் வந்துடுவேம்மா. நீ நில்லு, அது போதும்'னாரு."

கிருபா அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். அந்தப் பெண்ணுக்குத்தான் அழுகை வந்தது.

மூன்று மணிக்குப் பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். பதினான்கு பைக்குகள் முன்னால் போயின. பின்னால் அமரர் ஊர்தி, அதற்கும் பின்னால் உறவினர்களின் வேன். கேம்ப் ரோடு சந்திப்பில் திரும்பும்போது தயாளனின் இடது கை தானாக நீண்டு தரையைக் காட்டியது. ஏழு வருஷப் பழக்கம். அடுத்து வந்த மிருதுளா வண்டியை ஓரங்கட்டி, தாம்பரம் பக்கம் கையை நீட்டி நின்றாள். மேம்பாலத்தருகே ஒருவன் நின்றான், இரும்புலியூரில் கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்புகிற இடத்தில் இன்னொருவன். அவர்கள் இருவரும் ஊர்தி கடந்ததும் பின்னாலேயே வந்து சேர்ந்துகொண்டார்கள்.

அடக்கம் முடிந்து, பைக்குகள் சந்து வழியாகவும் வேன் பெரிய ரோடு வழியாகவும் வீடு திரும்ப ஐந்தரை ஆகிவிட்டது. எல்லோருக்கும் டீ கொடுத்தார்கள். தயாளன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்களை எண்ணினான்.

"பதிமூணுதான் கீது. மிருதுளா எங்கடா?"

ஒருவன் போன் போட்டான். மணி கூடத்து மூலையில் அடித்தது. பையையும் போனையும் அந்தப் பெண் இங்கேயே வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"அந்த ஒல்லிப் பொண்ணா?" என்றாள் ஷீலா. "வேன்ல வர்றப்ப கேம்ப் ரோடுல பாத்தேனே. கையை நீட்டிட்டு நின்னுட்டிருந்தா. யார்கிட்டயோ லிஃப்ட் கேக்கறா போலன்னு நெனச்சேன். பக்கத்துலயே பைக் நிக்குது, இதுக்கு எதுக்கு லிஃப்ட்டுன்னும் தோணுச்சு."

தயாளன் டம்ளரை வைத்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"ஐயோ. கடைசி வண்டிக்கு ஆளே போடலியே நானு. யாருக்குமே தோணல பாரேன்." சாவியை எடுத்தான். "போய்க் கூட்டியாரேன்."

"நீ போய்க் கூப்பிட்டா வந்துடுவாளா?" என்றாள் கிருபா.

அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

கிருபா பின்கட்டுக்குப் போனாள். கோட்டு காய்ந்திருந்தது; தையல் ஓரங்களில் மட்டும் ஈரம். வெள்ளைப் புடவைக்கு மேல் அதைப் போட்டுக்கொண்டாள். தோள் இரண்டும் அவளுக்குத் தொளதொளவென்று இறங்கின. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரைத் தள்ளினாள்.

"அண்ணி, இன்னைக்கா? பாக்கறவங்க என்ன சொல்லுவாங்க?" ஷீலா வாசல் வரை ஓடி வந்தாள்.

"இப்ப வந்துடறேன் ஷீலா. அந்தப் பொண்ணு மதியம் சாப்பிடக்கூட இல்ல."

தயாளன் கேட்டைத் திறந்துவிட்டான்.

கேம்ப் ரோடில் ஆபீஸ் விட்டு வருகிற கூட்டம். பஸ்ஸும் ஆட்டோவும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. அந்த நெரிசலுக்கு நடுவில், பழக்கடை ஓரமாக, அவள் நின்றுகொண்டிருந்தாள். வலது கை தாம்பரம் பக்கம் நீண்டிருந்தது. இடது கையால் அதன் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள். பழக்காரம்மா கொடுத்தது போலிருக்கிறது, வண்டியின் டேங்க் மேல் ஒரு கொய்யாப்பழம் கடிக்காமல் இருந்தது.

ஆரஞ்சைத் தூரத்திலேயே கண்டுவிட்டாள். கிருபா நெருங்கி வரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கையை இறக்கினாள். தோளை ஒருமுறை தேய்த்துவிட்டுக்கொண்டு, கொய்யாவைச் சட்டைப்பையில் போட்டாள். தலைக்கவசத்துக்குள் அவள் முகம் என்னவாக இருந்ததோ, தெரியவில்லை.

வண்டியைக் கிளப்பி, கையைத் தூக்கிக் காட்டிவிட்டு அவள் முன்னால் போனாள்.

கிருபா ஒரு காலை ஊன்றி, அவள் போக இடம் விட்டாள். கழுத்தில் ஈரத் தையல் சில்லென்று பட்டது. கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். யாராவது வருகிறார்களா என்று இன்னொரு தடவையும் பார்த்தாள். பிறகு இண்டிகேட்டரைப் போட்டுத் திரும்பினாள்.