தொரைத்தொட்டியில் கத்தரி

அப்பாவு கடப்பாரையை ஓங்கியபோது மேலேயிருந்து, "வத்து! வத்து!" என்று லட்சுமம்மா தெலுங்கில் அலறித் தடுத்தாள். ஓங்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

சித்தூரில் யாரோ வெள்ளைக்காரன் கட்டிவிட்டுப் போன பங்களா அது. பின்பக்கத்து நீச்சல் குளத்தை ஊரில் தொரைத்தொட்டி என்பார்கள். வக்கீல் புருஷன் செத்த ஆறாம் மாதம், அதை மண்போட்டு நிரப்பிக் காய்கறி வைக்கச் சொல்லி அப்பாவுவை வேலைக்கு அமர்த்தியிருந்தாள் லட்சுமம்மா.

"தரையில ஓட்ட போடலன்னா தண்ணி நின்னுக்கும்மா. வேரு அழுகிப்பூடும்."

"மண்ணு எவ்ளோ வேணா கொட்டு. தரைய மட்டும் தொடாதே."

அன்றைக்கே அவன் மனசில் சந்தேகம் புகுந்துவிட்டது. செம்மண் வண்டி வரும்போதெல்லாம் அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. அவன் சோற்றுக்குப் போய்த் திரும்பினால் மண்ணில் அவள் காலடி இருந்தது. அவன் எங்காவது தோண்டியிருக்கிறானா என்று பார்த்திருக்கிறாள்.

அவன் பெண்டாட்டி வள்ளிக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. "என்னமோ பொதைச்சி வெச்சிக்கினு கீறாங்க. நாளைக்குக் காணோம்னா உன் தலைலதான் வுழும். திருத்தணிக்கே போயிடலாம்யா, எங்கண்ணன் கூப்ட்டுக்கினே கீறான்." திருத்தணி மெட்ராஸ் ராஜ்யத்துக்கு, சித்தூர் ஆந்திராவுக்கு என்று முடிவாகியிருந்த சமயம் அது.

இடுப்பளவு மண் ஏறியது. கத்தரி பூவெடுத்தது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டதும் பழைய வடிகுழாய் அடைத்துக்கொள்ள, நாலே நாளில் எல்லாம் சேறு. செடிகள் மஞ்சளாகிச் சாய்ந்தன.

"நீ திருத்தணிக்குப் போறியாமே?" என்றாள் லட்சுமம்மா. "போறவனுக்கு இந்தச் செடி எப்படிப் போனா என்ன?"

அந்தப் பேச்சு அவனைச் சுட்டது. மறுநாள் காலை அவள் திருப்பதிக்குப் பஸ் ஏறியதும் ஒரு மூலையைத் தோண்டிக் கடப்பாரையை இறக்கினான். செடிக்காகத்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். ஆனால் சிமெண்ட் பெயர்ந்ததும் முதல் வேலையாகக் கையை உள்ளே விட்டுத் துழாவினான். கல்லும் மண்ணும்தான் தட்டுப்பட்டன. சேற்றுத் தண்ணீர் அவன் முழங்கையைச் சுற்றிக் குபுகுபுவென்று இறங்கியது.

"என்ன தேடறே?"

வழியில், பாகாலாவுக்கு அப்பால் மழையில் ரோடு அறுத்துக்கொண்டதில் அவள் திரும்பி வந்திருந்தாள். அவனுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"ஏதோ பொதைச்சி வெச்சிக்கிறீங்கன்னு நெனச்சேம்மா."

லட்சுமம்மா யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"இதுல நான் நீந்துவேன். மத்தியானத்துல, கேட்டைப் பூட்டிக்கினு. அவர்தான் கத்துக்குடுத்தார். அவர் போனதும் கொழுந்தனார் வந்தார். தாலி அறுத்தவளுக்குத் தொட்டி எதுக்கு, மூடுன்னார். மண்ணுதானே, என்னைக்காவது வாரிப்போட்டுட்டு மறுபடி தண்ணி வுட்டுக்கலாம்னு இருந்தேன்."

அப்பாவு சேற்றுக் கையை வேட்டியில் துடைத்தான். துடைக்கத் துடைக்கக் கறை பரவியது.

"சிமெண்ட் வெச்சி அடைச்சிடறேம்மா."

தண்ணீர் உள்வாங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தவள் செருப்பைக் கழற்றினாள். இரும்பு ஏணியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். சேறு முழங்கால் வரை வாங்கியது. சாய்ந்து கிடந்த செடிகளுக்கு நடுவே, கைகளை இரண்டு பக்கமும் விரித்தபடி நடக்கத் தொடங்கினாள்.

அப்பாவு சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். முதுகுக்குப் பின்னால் சேறு சளக் சளக்கென்று கேட்டுக்கொண்டே இருந்தது.