வளைத்தால் வரும் சத்தம்

சுக்கானை இடதுபக்கம் திருப்பியபோதுதான் பார்ப்ருவுக்கு அந்தச் சத்தம் கேட்டது. டக், டக், டக். படகின் பின்பக்கத்தில் யாரோ அடியில் உட்கார்ந்து சுத்தியலால் தட்டுவதுபோல. நேராக்கினாள். நின்றுவிட்டது.

"டோர்க்னி, கேட்டியா?" என்று கணவனிடம் கேட்டாள்.

"எதை?"

"பின்னாடி தட்டுதே."

"ஒண்ணும் தட்டல. ஆறு மாசம் குளிர்ல கெடந்த படகு, கொஞ்சம் முனகத்தான் செய்யும். நீ பாதையப் பாரு கிழவி."

முப்பத்தெட்டு வயதான அந்தப் படகை நேற்றுத்தான் கிரேனில் தூக்கிக் கடலில் இறக்கியிருந்தார்கள். இன்ஜின் படகுக்குள், அது சுழற்றும் டிரைவ், அதாவது விசிறி மாட்டிய கால், பின்சுவருக்கு வெளியே தண்ணீரில்; சுக்கானைத் திருப்பினால் அதுவும் திரும்பும். ஆண்டின் முதல் பயணம், தீவு வீட்டைத் திறக்க. காஸ் சிலிண்டர், உருளைக்கிழங்கு மூட்டை, ஹெர்ரிங் மீன் ஊறுகாய் ஜாடி எல்லாம் ஏற்றியாயிற்று. பத்து நிமிடத்தில் கலங்கரை விளக்கம் வந்துவிடும். அதைத் தாண்டினால் ஒதுங்க ஒரு பாறைகூடக் கிடையாது. தென்மேற்குக் காற்று வேறு ஏறிக்கொண்டிருந்தது. அதற்குள் சத்தம் என்னவென்று தெரிந்தாக வேண்டும்.

படகுக் கிளப்பில் இன்ஜின் கோளாறென்றால் டோர்க்னி சொல்வதுதான் தீர்ப்பு. நீள ஸ்குரூடிரைவரின் முனையை இன்ஜின்மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு "பம்பு பேரிங்" என்பான். பிரித்துப் பார்த்தால் அதேதான் இருக்கும். அப்பேர்ப்பட்டவன் ஒன்றுமில்லை என்கிறான்.

கியரை விடுவித்து இன்ஜினை முறுக்கினாள். சத்தமில்லை. அப்படியானால் கோளாறு இன்ஜினில் இல்லை. கியரில் போட்டு நேராக ஓட்டினாள். அப்போதும் இல்லை. மெல்ல வளைத்தாள். டக், டக். இன்னும் வளைத்தாள், சத்தம் பலத்தது. இன்ஜினையும் டிரைவையும் இணைக்கும் மூட்டுதான், சந்தேகமே இல்லை. இத்தனை வருஷம் இவனோடு குப்பை கொட்டியதற்கு இதுகூடத் தெரியாவிட்டால் எப்படி!

"திரும்பிடுவோம்."

"கிளப்புல கை கொட்டிச் சிரிப்பானுங்க."

"முங்கிட்டா மட்டும் அழுவானுங்களா?"

"சத்தம் இருந்தா எனக்குக் கேக்காதா?" அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

அவன் உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில், படகுக்குள் தண்ணீர் புகுந்தால் தானாக இறைக்கும் பம்பு உறுமிக்கொண்டிருந்தது. பார்ப்ருவுக்குச் சுரீரென்றது.

"இந்த பம்பு எவ்வளவு நேரமா ஓடுது?"

"எந்த பம்பு?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. கியரை விடுவித்து, ஓடிப்போய் இன்ஜின் மூடியைத் திறந்தாள். அடியில் கடல்நீர் தளும்பியது. பேசாமல் அவன் கையைப் பிடித்து உள்ளே பின்சுவரில் வைத்தாள். பிறகு சுக்கானுக்குப் போய், கியரில் போட்டு வளைத்தாள். டோர்க்னியின் முகம் வெளுத்தது.

"மூட்டு," என்றான். "அதைச் சுத்தின ரப்பர் உறை கிழிஞ்சிருக்கு, அது வழியாத்தான் தண்ணி வருது. ஷெட்ல எடம் பத்தலன்னு குளிர்காலம் முழுக்க டிரைவைத் தூக்கியே வெச்சிருந்தேன். மடிப்புலயே வெடிச்சிருக்கும். ஊருக்கெல்லாம் எறக்கி வைங்கடான்னு சொல்லிட்டு, நானே..."

"பொலம்பாத. கையை எடுக்காத."

திரும்ப வேண்டுமானால் வளைத்தாக வேண்டும். வளைக்க வளைக்க மூட்டு நொறுங்கும். அகலமாக, அவசரப்படாமல் வட்டமடித்தாள். அவன் உள்ளங்கையில் அதிர்வு ஏறும்போதெல்லாம் "போதும், நேராக்கு" என்று கத்தினான். பாறைகளுக்கு இடையே இரண்டு திருப்பங்கள். இரண்டாவதில் ஏதோ பலமாக முறிந்ததுபோல் கேட்டது, ஆனாலும் படகு நகர்ந்தது. துறைக்கு வந்து சேர்ந்தபோது தண்ணீர் இன்ஜினின் அடியைத் தொட்டிருந்தது.

கிரேன்காரன் ஸ்வெர்கர் படகைத் தூக்கினான். ரப்பர் உறையில் நாலு விரல் நுழையும் கிழிசல். கிளப் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

"என்ன டோர்க்னி, உன் காதுக்கே தப்பிச்சிடுச்சா?" என்று ஸ்வெர்கர் சிரித்தான்.

டோர்க்னி சிரிக்கவில்லை. கிழிசலையே பார்த்துக்கொண்டு நின்றவன் திடீரென்று கேட்டான்: "ஹில்மர் எங்க?"

"பக்கத்துத் துறைல. பேரப்பிள்ளைங்களோட கெளம்புற நேரம். எதுக்கு?"

டோர்க்னி போனை எடுத்து எண்ணை அழுத்தி, பார்ப்ருவிடம் நீட்டினான்.

"நேத்து அவன் இன்ஜின்ல ஏதோ சத்தம்னு கூப்பிட்டான். ஸ்குரூடிரைவரைக் காதுல வெச்சுப் பாத்தேன். நல்லாருக்கு, போய்ட்டு வான்னேன். எனக்கு ஒண்ணுமே கேக்கல, பார்ப்ரு. மூணு வருஷமா சரியாக் கேக்கல, பேச்சைக்கூட உதட்டைப் பாத்துத்தான் சமாளிக்கறேன். நீ பேசு."

மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் ஹில்மர் எடுத்தான். பின்னால் காற்றும் பிள்ளைகளின் கூச்சலும். "கெளம்பாத, இன்ஜின்ல கோளாறு இருக்கும்போல," என்றாள் பார்ப்ரு.

டோர்க்னி அத்தனை பேர் முன்னிலும் அவள் உதட்டருகே குனிந்தான். "என்ன சொல்றான்? சத்தமாச் சொல்லு. சத்தமா!"

"படகுக் கயித்தை இன்னும் அவுக்கலையாம்!" என்று பார்ப்ரு துறையே அதிரக் கத்தினாள்.

டோர்க்னி கிரேன் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதான்.