நூறு அடிக்கு மேல்

முத்துக்கிருஷ்ணன் செய்ததைப் பெரிய களவாணித்தனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். மருத்துவச் சான்று காட்டி மாறுதல் வாங்குவது எந்த அலுவலகத்தில்தான் இல்லை? வீடு காரைக்குடி செக்காலையில், எழுத்தர் வேலை கடலோரத்து ஊர் ஒன்றில். போக வர ஐந்து மணி நேரம் பஸ்ஸிலேயே கழிந்தது. மகள் ஸ்வேதா பத்தாம் வகுப்பு. அப்பாவை ஞாயிற்றுக்கிழமைதான் முழிப்போடு பார்த்தாள். காரைக்குடியில் ஒரே ஒரு இடம் காலி என்றதும் மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தெரிந்த டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்தார்: முதுகுத்தண்டில் தேய்மானம், நூறு அடிக்கு மேல் நடக்க இயலாது. இடுப்பில் பெல்ட்டு, கையில் ஊன்றுகோல். மாறுதல் கலந்தாய்வு அன்று வாசலிலிருந்து அதிகாரியின் மேசைக்கு வர நாலு நிமிஷம் எடுத்துக்கொண்டான். அப்பப்பா, என்ன நடிப்பு!

அதே இடத்தைக் கேட்டு வீரலட்சுமியும் வந்திருந்தாள். வேறு ஊர்க் கிளையில் எழுத்தர். அவளுக்கு நிஜமாகவே இடுப்பு மூட்டு தேய்ந்திருந்தது. அவளுடைய டாக்டர் உள்ளதைத்தான் எழுதுவார். 'நடக்கச் சிரமப்படுகிறார்' என்று எழுதியிருந்தார். அதிகாரி இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். முத்துக்கிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டான். 'முருகா, இது எனக்குக் கெடச்சா தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தே வாரேன்.'

கண்ணைத் திறப்பதற்குள் வீரலட்சுமி சொல்லிவிட்டாள். "அவுகளுக்கே குடுத்துருங்க சார். எனக்கு அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

வேண்டுதலைக் கேட்டு மனைவி முத்துமாரி தலையில் அடித்துக்கொண்டாள். "நடக்க முடியாதுன்னு எழுதிக் குடுத்துட்டு, நடந்து வாரேன்னா வேண்டுவாக? ஒரு மொட்டை போடுறேன்னு வேண்டியிருக்கக் கூடாதா?"

"வாயில வந்துருச்சே, என்ன செய்ய?"

"யாராச்சும் பாத்து மேலிடத்துக்கு எழுதிப் போட்டா வேலையே போயிரும்ங்க."

"போகாட்டி சாமிக் குத்தமாயிரும். பிள்ளைக்குப் பரீட்சை வருது."

பொய்ச் சான்றுக்கு வராத பயம் வேண்டுதலுக்கு வந்தது.

தை பிறந்ததும் பச்சை வேட்டி கட்டி, தலைத்துண்டை முகத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு குன்றக்குடியில் பழனிக்கு நடக்கும் கூட்டத்தோடு சேர்ந்தான். சிங்கம்புணரி வரை தெரிந்தவர் ஒருவர் கண்ணிலும் படவில்லை. அங்கே ஒரு பந்தலில் சுக்குக் காபிக்குக் கையை நீட்டினான். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். வீரலட்சுமி.

"முத்துக்கிருஷ்ணன் சாரா?"

போச்சு. வேலையும் போச்சு, காரைக்குடியும் போச்சு. ஓடிவிடலாமா என்று கூடத் தோன்றியது. அவள் அவனுடைய வெறுங்காலையே பார்த்தாள். பாதமெல்லாம் கொப்புளம். பார்க்கப் பார்க்க அவள் கண் கலங்கியது.

"இங்குட்டு வாங்க எல்லாரும்! இவுகளால நூறு அடி நடக்க முடியாது. நானே கண்ணால பாத்தேன். இன்னைக்கு முருகன் எம்புட்டுத் தூரம் நடக்க வச்சிருக்கான் பாருங்க!"

"அரோகரா!" என்று பந்தலே முழங்கியது. யாரோ குனிந்து அவன் காலைத் தொட்டார்கள். வீரலட்சுமியும் கம்பை ஊன்றி எழுந்தாள். குனியப் பார்த்தாள், முடியவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பாதியில் நின்றாள்.

"ஐயோ, வேணாம்மா."

அவனுக்குக் கூசியது. இவள் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம், எழுதியே போட்டிருக்கலாம் என்று நினைத்தான்.

"சொல்லுங்க சார்," என்றாள் அவள், மூச்சு வாங்க. "அப்படி என்ன வேண்டுனீக? நானும் அதையே வேண்டிக்கிறேன்."