ஐந்து விண்கப்பலுக்கு ஒரு கலர் ஓகே

என் மகள் ஹர்ஷினி ரொம்ப நாளைக்கப்புறம் என்னிடம் ஒரு வேலை சொன்னாள். ஐந்து விண்கப்பலுக்குப் பெயின்ட் அடித்துத் தர வேண்டும்.

நிஜக் கப்பல் இல்லை. விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக்கில் செய்தவை. மேஜையில் கறுப்புத் துணியை விரித்து, அதுதான் ஆகாயம் என்று வைத்துக்கொண்டு, பகடை உருட்டி, ஸ்கேல் வைத்து அளந்து நகர்த்தி, இவள் கப்பல் அவன் கப்பலைச் சுடுகிற விளையாட்டு. மதுரையில் அவளோடு படிக்கிற பிள்ளைகள் கூடி விளையாடுகிறார்களாம். கடையில் வாங்கும்போது எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அவரவர் படைக்கென்று ஒரு வண்ணம் யோசித்து அடித்துக்கொள்ள வேண்டும். பார்த்ததும் இது இன்னார் படை என்று தெரிய வேண்டும். காலேஜ் படிக்கிற பெண்ணுக்கு என்ன பொம்மை விளையாட்டு என்று எவனாவது கேட்டால் பல்லைப் பேர்த்துவிடுவேன்.

நான் சிவகாசியில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறவன். பட்டாசு லேபிள், காலண்டர், நோட்டு அட்டை எல்லாம் என் கையில் ஓடியிருக்கின்றன. மை கலக்குவதில் ராஜபாண்டியனை அடிக்க ஆள் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன், மற்றவர்களும் மறுத்ததில்லை. ஹர்ஷினிக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது அவள் அம்மாவும் நானும் பிரிந்தோம். அவள் அம்மா மதுரையில் மறுபடி கல்யாணம் செய்துகொண்டாள். அந்த மனுஷன் நல்லவர். எனக்கு அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போட்டாவது அடிக்கடி போயிருப்பேன். ஒரே ஒரு தடவை போனேன். அவர் ஃபேனைப் போட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் கையாலேயே காபி கொண்டுவந்து கொடுத்தார். என் மகள் அவர் பக்கத்தில் நின்றுகொண்டு, "காபி நல்லாருக்காப்பா?" என்று என்னைக் கேட்டாள். வந்த விருந்தாளியைக் கேட்கிற மாதிரி கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் படி ஏறவில்லை.

இப்போது அவளே போன் செய்து, "கப்பலை கொரியர்ல அனுப்புறேன்ப்பா. ஏற்கனவே நான் அடிச்ச ஒரு கப்பலோட போட்டோ வாட்ஸப்ல வரும். அதே மாதிரி அடிச்சு கொரியர்லயே திருப்பி அனுப்பிருங்க" என்றாள்.

கொரியரில் வந்து கொரியரில் போவதென்றால் நான் எதற்கு, அவள் முகத்தை நான் எப்போது பார்ப்பது? யோசிப்பதற்கு முன்னால் வாய் முந்திக்கொண்டது.

"அதெல்லாம் முடியாது தாயி. எங்க ஊர்ல கலர் ஓகே பண்ண பார்ட்டி நேர்ல வரணும். பார்ட்டி வந்து பாத்துக் கையெழுத்துப் போடாம இங்கன ஒரு தாளு ஓடாது."

பிரஸ்ஸைப் பொறுத்தவரை இது சத்தியம். ஆர்டர் கொடுத்த பார்ட்டி மெஷின் பக்கத்தில் வந்து நிற்பார். முதலில் விழுகிற தாள்களைப் பார்த்து, சிவப்பைக் கூட்டு, நீலத்தைக் குறை என்பார். திருப்தியானதும் ஒரு தாளில் கையெழுத்துப் போடுவார். அந்தத் தாளை வைத்துத்தான் மொத்த லோடும் ஓடும். அஞ்சு பொம்மைக் கப்பலுக்கு இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. "சரிப்பா, வர்றேன்" என்றாள். எனக்கு அன்றைக்கு முழுக்கக் கால் தரையில் பாவவில்லை.

காலண்டர் சீசன், மெஷினுக்கு ஓய்வே கிடையாது. சாப்பாட்டு நேரத்தில்தான் கப்பலைக் கையில் எடுத்தேன். அணைந்துபோன கம்பி மத்தாப்பின் கம்பிகளைத் தெர்மாகோலில் குத்தி, நுனியில் ஒவ்வொரு கப்பலாக ஒட்டிவைத்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டால் கப்பலில் கை படாமல் சுற்றிச் சுற்றி அடிக்கலாம். பிரஸ்ஸில் பிலிமுக்கு டச்சப் செய்கிற மெல்லிய பிரஷ் ஒன்று என்னிடம் இருந்தது. போனை நிமிர்த்தி வைத்து, போட்டோவில் இருக்கிற நிறத்தையே வரவழைக்க வெள்ளையில் மஞ்சளை விட்டு, துளி பழுப்பை விட்டு, மறுபடி வெள்ளையை விட்டு, பாடாய்ப் பட்டேன். சந்தன நிறத்தில் உடம்பு, செங்கல் நிறத்தில் இரண்டு கோடு. கடைசியில் போட்டோ பக்கத்தில் கப்பலைப் பிடித்தால் எது போட்டோ எது கப்பல் என்று தெரியவில்லை.

என்னோடு மெஷினில் நிற்கிற முனியராஜ் எட்டிப் பார்த்தான். "ஏலே, ஆகாயத்துல பறக்குற கப்பலுக்கு எவம்லே சந்தனம் பூசுவான்? இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேந்துக்கிட்டாளா உம்மவ?"

"காப்பி எப்படியோ அப்படித்தாம்லே பிரிண்டு. பார்ட்டி கேட்டா நீ பூசமாட்ட?"

பார்ட்டி கொடுக்கிற மூலத்தைக் காப்பி என்போம். அது கோணலாக இருந்தாலும் நாங்கள் நிமிர்த்துவதில்லை. முனியராஜுக்கும் அது தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். அம்மாவின் நெற்றி, நடை மட்டும் என்னுடையது. பிரஸ்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போய், வாசல் பக்கம் வெளிச்சத்தில் பேப்பர் கட்டின் மேல் உட்காரவைத்தேன். கம்பிகளோடு ஐந்து கப்பலையும் முன்னால் நிறுத்தினேன். ஒன்றைக் கையில் எடுத்தாள். திருப்பினாள். அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சூப்பரா இருக்குப்பா."

"நல்லாப் பாரு. கோடு, ஓரம், எல்லாம் பாரு."

"பாத்துட்டேன்ப்பா. ஓகே."

நான் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டாள். ஆறு வயதில் இதே இடத்தில் நின்றுகொண்டு, நான் அடித்த லட்சுமி காலண்டரைப் பார்த்து, "சாமிக்குக் காய்ச்சலாப்பா?" என்று கேட்டவள். மஞ்சள் தூக்கலாகத்தான் இருந்தது, மெஷினை நிறுத்திச் சரிசெய்தேன். அந்தப் பிள்ளை இன்றைக்கு ஒரு குறை சொல்லவில்லை. குறை சொன்னால் பதில் சொல்லலாம், பதிலுக்குப் பதில் என்று மத்தியானம் வரை ஓட்டலாம் என்று நினைத்திருந்தேன். பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். "போதும்ப்பா, போதும்ப்பா" என்று நாசூக்காகச் சாப்பிட்டாள். சாப்பிட்டதும் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துவிட்டாள்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கப்பல்களைக் கம்பியிலிருந்து எடுத்துப் பெட்டியில் அடுக்கினாள். பெட்டிக்குள் ஏற்கனவே ஒன்று இருந்தது. அவள் அடித்தது, போட்டோவில் இருந்தது. வெயிலில் அதைக் குனிந்து பார்த்தேன். நீலம் ஓடிய பால் வெள்ளை உடம்பு. திராட்சைச் சிவப்பில் கோடு. பக்கத்தில் என் ஐந்தும் பழுத்த இலை மாதிரி கிடந்தன.

"என்ன தாயி இது?"

"மஞ்சள் பல்பு வெளிச்சத்துல எடுத்த போட்டோப்பா. நிறம் மாறிருச்சு போல."

"போட்டோவுல இருந்த பல்பு வெளிச்சத்தையும் சேத்துல்ல அடிச்சு வச்சிருக்கேன் நான்." எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அம்புட்டும் தப்பு. கண்ணுல படலயா உனக்கு? இதுக்கா கையெழுத்துப் போட்ட?"

"பட்டுச்சு."

"பின்ன?"

அவள் பெட்டியை மூடினாள். "தப்புன்னு சொன்னா மறுபடி வரச் சொல்லுவீங்க."

அவ்வளவு கசந்துவிட்டேனா என் பிள்ளைக்கு? தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"உன்னையப் பாக்கணும்னுதான் அந்தச் சட்டத்தையே சொன்னேன்," என்றேன். "கொரியர்ல அனுப்பிருக்கலாம். நீ வரணும்னு இருந்துச்சு. அதான்."

"தெரியும்ப்பா. அப்பவே தெரியும். ஹர்ஷினி, வாம்மான்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா அன்னைக்கே ஓடி வந்திருப்பேன். பார்ட்டி வரணும்னீங்க. பார்ட்டி வந்துச்சு, பாத்துச்சு, கையெழுத்துப் போட்டுச்சு. மறுபடி பார்ட்டியா வர எனக்கு இஷ்டமில்ல."

ரயில் வந்து நின்றது. அவள் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றேன்.

"நீங்க ஏன்ப்பா வரமாட்டேங்குறீங்க? வீட்டுக்கு வேணாம். காலேஜ் வாசலுக்கு வரலாம்ல. பிள்ளைகளோட அப்பாமாரெல்லாம் அங்க வந்து நிப்பாங்க. நானும் பாத்துக்கிட்டேதான் போவேன்."

"வர்றேன் தாயி."

"எப்ப?"

"இந்த சீசன் முடியட்டும்."

"காலண்டர் முடிஞ்சா நோட்டு அட்டை, அது முடிஞ்சா பட்டாசு லேபிளு. உங்களுக்கு எப்பப்பா சீசன் முடிஞ்சிருக்கு?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ரயில் அசைந்தது. நான் ஓடிப்போய் ஏறிவிட்டேன். கையில் டிக்கெட் இல்லை, சட்டையெல்லாம் மை. பக்கத்தில் போய் நின்றதும் பயந்துவிட்டாள்.

"என்னப்பா பண்றீங்க?"

"விருதுநகர் வரைக்கும் வாரேன். தள்ளி உக்காரு."

அடுத்த ஸ்டேஷனான திருத்தங்கல் வரை கலரைத் திட்டினாள். கோடு பட்டை பட்டையாக இருக்கிறதாம், ஒரு கப்பலுக்கு அடிவயிற்றில் அடிக்கவே இல்லையாம். அதற்கப்புறம் என்னைத் திட்டினாள். பிறந்தநாளுக்கு போனில் எத்தனை நிமிஷம் பேசினேன், பிளஸ் டூ மார்க்கை யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், எல்லாம் வந்தது. அவள் அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது, துடைத்தால் மை ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். இப்படித் திட்ட ஒரு ஆள் இல்லாமல்தான் இத்தனை காலம் காய்ந்து கிடந்திருக்கிறேன் என்று தோன்றியது. மதுரை வரை திட்டினால்கூடக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

விருதுநகர் வந்தது. முனியராஜ் இதற்குள் பல தடவை போன் அடித்துவிட்டான். மெஷின் நிற்கிறது, முதலாளி கத்துகிறார். நான் எழுந்தேன். அவள் பெட்டியோடு தன் கப்பலையும் சேர்த்து என் கையில் திணித்தாள். சரிசெய்து அனுப்புங்கள் என்றோ, நான் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றோ சொல்லவில்லை. இறங்கினேன். ஜன்னலில் கொஞ்ச தூரம் அவள் முகம் தெரிந்தது, அப்புறம் தெரியவில்லை.

சிவகாசிக்குத் திரும்ப டிக்கெட் எடுக்கக் கவுன்டருக்குப் போனேன். "எங்க?" என்று உள்ளேயிருந்து கேட்டார்கள். மதுரைக்கு ஒன்று என்றேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலேஜ் வாசல் பூட்டியிருக்கும் என்பது டிக்கெட் கைக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அப்படியென்றால் அந்த வீட்டுக்குத்தான் போக வேண்டும். போகிறேன்.